பழைய எஃகுச் சைக்கிளை விற்குமாறு

ஆண்டுதோறும் பங்குனி, சித்திரைத் திங்கள்களில், தேர்வுகள் முடிந்து மாணாக்கர் ஊர் திரும்புங் காலத்து, கல்லூரி விளம்பரப் பலகைகளிலும் விடுதி வாயில்களிலும் கையால் எழுதிய சிறு தாள்கள் சில தோன்றும். இக்காலத்து அவை கைப்பேசி வழியாகவும் உலவுகின்றன. "நல்ல நிலையிலுள்ள சைக்கிள் விற்பனைக்கு" என்பது அவற்றின் வாசகம். 'நல்ல நிலை' என்னும் அவ்விரு சொற்களுள் அடங்குவது யாது, அவற்றின் பின்னே மறைந்து நிற்பது யாது என்பதைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விற்போருக்கு இது பயன்படும். வாங்குவோருக்கு அதனினும் மிகுதியாகப் பயன்படுமென்பது எம் எண்ணம்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களையும் கருத்திற்கொண்டே ஈண்டு எழுதுகின்றோம். விழுப்புரம் ஐந்து இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்னும் ஐந்து திசைக்கும் அங்கிருந்து வண்டி உண்டு. ஆதலின், சுற்றுக் கிராமத்தினின்று சைக்கிளில் வந்து அதனை நிலையத்தருகே நிறுத்திவிட்டு ரயிலேறுதல் அவ்வூரார்க்குப் பழகிய வழக்கம். திண்டிவனமோ, புளியங்காடு எனப் பொருள்படும் 'திந்திரிணி வனம்' என்பதினின்று தன் பெயரைப் பெற்றதென்பர். செஞ்சி, வந்தவாசி, மரக்காணம், புதுச்சேரி ஆகிய ஊர்களின் சாலைகள் அங்குப் பிரிகின்றன. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவு, பெரும்பாலும் சமநிலம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாகச் செல்லும் அச்சாலையில் மிதிவண்டிக்குத் தடையாகும் மேடு இல்லை, எதிர்க்காற்றே தடை. இத்தகைய நாட்டில் ஒரு சைக்கிள் மூவர் நால்வர் கைம்மாறி முப்பதாண்டு ஓடுதல் வியப்பன்று.

நிற்க. சாலைச் சைக்கிளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யாவரும் அறிந்த கறுப்பு வண்டி. 28 அங்குலச் சக்கரமும், கம்பிப் பிரேக்கும், கேரியரும், இருபக்க ஸ்டாண்டும் உடையது. எடை இருபது கிலோவை அடுத்து நிற்பது. மற்றொன்று, ஆட்டுக்கொம்புபோல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரும், மெல்லிய டயரும், பலவகைப் பல்சக்கரமும் உடைய விரைவு வண்டி; எடையிற் பெரும்பாலும் முன்னதிற் பாதியளவே ஆவது. இரண்டுக்கும் பழைய வண்டிகளில் உடல் எஃகே. இந்நாட்டில் முதலில் ஓடியவை இங்கிலாந்தினின்று வந்த ராலி, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய வண்டிகள். 1949-இல் சென்னையின் முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியாரும் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தோற்றுவித்தனர். அம்பத்தூர் ஆலையினின்று 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் வெளிவந்தன. 1956-இல் லூதியானாவில் ஹீரோ கம்பெனி தொடங்கிற்று. நம் பக்கத்துத் திண்ணைகளிற் சாய்ந்து நிற்கும் பழைய வண்டிகளிற் பெரும்பாலானவை இவற்றின் வழிவந்தனவே.

இவ்வண்டிகள் இத்துணை நாள் உழைப்பதற்குக் காரணம் எஃகின் இயல்பு. எஃகு முறிவதற்கு முன் வளையும். வளைந்ததைப் பெரும்பாலும் நிமிர்த்தலாம். ஒரு வரம்பிற்கு உட்பட்ட அதிர்ச்சியை எத்தனை இலட்சம் முறை தாங்கினும் அது களைப்படைவதில்லை. அலுமினியத்திற்கு அத்தகைய வரம்பு கிடையாது. சிறு அதிர்ச்சிகளும் சேர்ந்து சேர்ந்து ஒருநாள் அதனை விரிசலுறச் செய்யும். மேலும், பழைய வண்டிகளில் குழாய்கள் 'லக்' எனப்படும் உறைகளுட் செருகப்பட்டுப் பித்தளைப் பற்றாசினால் இணைக்கப்பட்டவை. ஒரு குழாய் கெட்டால் அதனை மட்டும் கழற்றி மாற்றுதல் திறமையுடைய கம்மியனுக்கு இயலும். கேரியர்க் கால் ஒடிந்தால் விக்கிரவாண்டி வெல்டிங் பட்டறையிலேயே அரைமணி நேரத்திற் பொருத்திக்கொண்டு போகலாம். ஆயின், விரைவு வண்டியின் குழாய் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குங் குறைந்த தடிப்பே உடையதாயிருத்தல் கூடும். அதனிடத்து வெல்டிங் வேலையைச் செய்யலாகாது. சூட்டினால் வலிமை குன்றும்.

எஃகின் பகை துரு. இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு உடனிருந்தால் அது விரையும். மரக்காணத்து உப்பளக் காற்றில் ஐந்தாண்டு நின்ற வண்டியையும் செஞ்சிப் பக்கத்தில் ஐந்தாண்டு நின்ற வண்டியையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பவர்க்கு இது விளங்கும். வெளியே தெரியும் துருவுக்கு அஞ்சவேண்டுவதில்லை. உப்புத்தாளாலும் எண்ணெயாலும் அது நீங்கும். அஞ்சத்தக்கது குழாயின் உட்புறத்துத் துரு. மழைநீர் சீட்டுக் கம்பி நுழையும் வாயின் வழியே இறங்கி, வண்டியின் தாழ்ந்த இடமாகிய பெடல் அச்சுப் பெட்டியில் தேங்கும். அங்கிருந்து வெளியேற வழியின்றி உள்ளிருந்தே குழாயை அரிக்கும். துருவானது தான் தின்ற இரும்பினும் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலின் மேல் வர்ணம் சிறு கொப்புளங்களாக எழும். அச்சுப் பெட்டியின் அண்மையில் அத்தகைய கொப்புளம் காணின் விரல் நகத்தால் அழுத்துக. உதிர்ந்து பழுப்புத் தூள் கொட்டின், நோய் ஆழமானதென்று கொள்க.

இதனை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாளிரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை பெய்தது. தென்பெண்ணையும் பெருக்கெடுத்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் எத்தனையோ வீடுகளின் வாயிலில் நின்ற சைக்கிள்கள் சேற்று நீரில் முழுகின. நீர் வடிந்தபின் துடைத்து எண்ணெயிட்டு ஓட்டப்பட்ட அவ்வண்டிகளின் வெளித்தோற்றத்தில் யாதொரு குறையும் இராது. ஆனால், சக்கர அச்சுகளின் உள்ளே குண்டுகளோடு வண்டல் மண் அரைபட்டுக்கொண்டிருத்தல் கூடும். இன்று இப்பக்கத்தில் விலைக்கு வரும் எந்த வண்டியைக் குறித்தும், "வெள்ளத்தில் நின்றதா?" என்று வினவுதல் முறையேயாம். விற்பவன் வினவப்படுமுன்னரே சொல்லுதல் அதனினும் சிறந்த முறை.

இனிச் சோதிக்கும் வழிகளைக் கூறுவோம். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிவர், சுழி பார்ப்பர், சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பர். சைக்கிளுக்கும் பல் உண்டு. செயினின் இணைப்பு ஒவ்வொன்றும் அரை அங்குலம். ஆகவே, புதுச் செயினில் இருபத்துநான்கு இணைப்புகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் அளக்கும். அடிக்கோலை வைத்து அளக்குங்கால் அவ்விருபத்துநான்கும் பன்னிரண்டே கால் அரைக்கால் என்று நீளவேண்டியதில்லை. அங்குலத்தில் எட்டிலொரு பங்கு மிகுந்தாலே செயின் தேய்ந்துவிட்டது, அதனோடு ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்குமென்று தெளியலாம். புதுச் செயினை மட்டும் மாட்டினால் அது பழைய பற்களில் வழுக்கும். விற்பதற்கு முதல் நாள் புதுச் செயின் மாட்டிய வண்டி ஏறி மிதித்தவுடன் 'கடக்' என்று துள்ளுவது இதனால்தான்.

உடல் நேராயுள்ளதா என அறிய ஒரு நூற்கயிறே போதும். பின்சக்கர அச்சின் ஒருபுறத்திற் கயிற்றைக் கட்டி, முன்னே ஹேண்டில்பார்த் தலைக்குழாயைச் சுற்றி, மறுபுறத்து அச்சிற் கொணர்ந்து இழுத்துக் கட்டுக. நடுவில் நிற்கும் சீட்டுக் குழாய்க்கும் கயிற்றிற்கும் இருபுறமும் உள்ள இடைவெளியை அளந்தால், இரண்டும் ஒத்திருத்தல் வேண்டும். இரண்டொரு மில்லிமீட்டர் வேற்றுமை பொருட்டன்று. அதற்கு மிகின், வண்டி எங்கோ மோதியிருக்கிறது. மோதலை அறிய மற்றொரு வழியும் உண்டு. தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னே, கீழ்க்குழாயின் அடிப்புறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுக. நேர்மோதல் பட்ட வண்டியில் அவ்விடத்திற் சிறு மேடோ மடிப்போ தட்டுப்படும். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. முன்கவையாகிய ஃபோர்க்கின் மேற்பகுதியையும் அவ்வாறே நோக்கவேண்டும். மற்றெந்த உறுப்பு ஒடிந்தாலும் வண்டி நிற்கும். ஃபோர்க் ஒடிந்தாலோ ஓட்டுபவனே முகங்குப்புற வீழ்வான். லாரிகள் விரையும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் அவ்வாறு வீழ்தல் எத்தகையதென்று விளக்க வேண்டுவதின்று.

விற்பவன் செய்யவேண்டிய பழுதுபார்ப்பு மிகச் சிலவே. வண்டியை நன்றாகக் கழுவி உலர்த்துக. சீட்டுக் கம்பியையும் ஹேண்டில் தண்டையும் வெளியே இழுத்துக் கிரீசு தடவி மீண்டுஞ் செருகுக. பல ஆண்டு அசையாத கம்பி துருவால் குழாயோடு ஒட்டிக்கொண்டிருப்பின், உயரம் வேறுபட்ட ஒருவனுக்கு அவ்வண்டி பயன்படாது. சக்கரங்களுக்குக் கோட்டம் எடுப்பித்தலும், பிரேக் கட்டைகளை மாற்றுதலும் சிறு செலவிற் பெரும்பயன் தருவன. ஓவராயில் செய்வித்தால், அச்செலவு முழுவதும் விலையில் திரும்புமென்று எதிர்பார்த்தல் வீண்.

வர்ணம் பூசுதலைப் பற்றி எம் கருத்து வேறு. விற்பதற்காகப் புதுவர்ணம் பூசவே கூடாது. அறிந்து வாங்குபவன் புதுவர்ணத்தைக் கண்டவுடன் அதன்கீழ் என்ன இருக்கிறதென்றே ஐயுறுவான். பழைய ஆங்கில வண்டியாயின் இழப்பு இன்னும் மிகுதி. நாட்டிங்காமில் செய்த ராலி வண்டியின் பொன்வரைகளையும் முத்திரையையும் அழித்துவிட்டு ஆட்டோவின் மஞ்சளைப் பூசியவர் உளர். சேகரிப்போர் அதனை ஏறெடுத்தும் பாரார். அவ்வகை வண்டியின் பின் அச்சு ஸ்டர்மி-ஆர்ச்சர் மூவேக அச்சாயின், அதன் மேல் செய்த ஆண்டின் எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். துணியால் துடைத்து அதனைப் படித்துச் சொன்னாலே விலை உயரும். இன்னொன்று: பழைய நாட்டிங்காம் ராலியின் பெடல் அச்சுப் பெட்டியில் அங்குலத்திற்கு 26 புரிகள், ஏனைய ஆங்கில முறை வண்டிகளில் 24. கடையில் எளிதிற் கிடைக்கும் உறுப்பு அதனுட் பொருந்தாதென்பதை வாங்குவோனுக்கு முன்னரே கூறிவிடுதல் நன்று.

வர்ணத்திற்கும் சட்டத்திற்கும் கூட ஒரு தொடர்புண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்ட நாளில் பழைய வாகனம் என்றால் குதிரையே. ஆதலின் மோசடியை விளக்கும் 17-ஆம் பிரிவில் அச்சட்டம் குதிரை வியாபாரத்தையே எடுத்துக்காட்டாக வைத்தது. தன் குதிரைக்கு நோயிருப்பதை அறிந்த ஒருவன், ஏலத்தில் அதனை விற்கும்போது ஒன்றுஞ் சொல்லாதிருந்தால் அது மோசடியன்று. ஆனால் வாங்குபவன், "நீர் மறுக்காவிடில் குதிரை நோயற்றது என்றே கொள்வேன்" என்று கூறிய பின்னும் அவன் வாய் திறவாதிருப்பின், அந்த மௌனம் பேச்சுக்கு ஒப்பாகும். குதிரையின் இடத்திற் சைக்கிளை வைத்துப் பார்த்தல் எளிது. கேளாதவனிடம் குறையைச் சொல்லாதிருப்பதைச் சட்டம் பொதுவாகத் தண்டிப்பதில்லை. கேட்டவனிடம் மௌனம் சாதித்தால் கதை வேறு. ஃபோர்க்கின் விரிசலில் மாவை அப்பி வர்ணம் பூசுதலோ அதே பிரிவு கூறும் 'முனைந்து மறைத்தல்' ஆகிவிடும். சாதாரணக் கவனத்தாற் கண்டுபிடித்திருக்கக் கூடியதை வாங்குபவன் காணத் தவறினால், மௌனத்தைக் காட்டி அவன் ஒப்பந்தத்தை விலக்கவியலாது என்று 19-ஆம் பிரிவு ஒரு விலக்குக் கூறுகின்றது. முனைந்து மறைத்தவனுக்கோ அவ்விலக்கிலே புகலிடமில்லை. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும், பொதுவாகப் பொருளின் தரத்திற்கு விற்பவன் பொறுப்பாகான் என்றே 16-ஆம் பிரிவிற் சொல்லுகிறது. சட்டத்தின் அளவுகோல் இவ்வளவே. ஆயின் வாங்க வருபவன் பெரும்பாலும் முதலாண்டு மாணாக்கன். அச்சுப் பெட்டி எது, ஃப்ரீவீல் எது என்று அறியாதவன். கேட்கத் தெரியாமையால் கேளாதவன். அவனிடத்துச் சட்டத்தின் அளவுகோலைக் கொண்டு நடத்தல் எமக்கு உடன்பாடன்று. குறைகளை ஒரு தாளில் எழுதி, அத்தாளையே விளம்பரமாக ஒட்டலாம். "பின் டயர் தேய்ந்தது, செயின் மாற்றவேண்டும், வெள்ளத்தில் நின்று ஓவராயில் செய்யப்பட்டது" என்று எழுதிய வண்டிக்குப் பேரம் குறைவாகவே நடக்கும். குறைகள் முன்னரே விலையிற் கழிந்தன என்பது வாங்குபவனுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

விலையைப் பற்றி: பழையதின் விலை புதியதின் விலையைச் சார்ந்தே நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிள்களின் மீதான சரக்கு சேவை வரி நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. வரி நீங்கலாக 5,000 ரூபாய் பெறும் வண்டி அதன்முன் 5,600 ரூபாய். பின்னர் 5,250 ரூபாய். ஆகவே, "நான் 5,600 கொடுத்தேன்" என்று விற்பவன் வாதிடுதல் பயனின்று. வாங்குபவன் கடையில் இன்று கேட்டறிந்த விலையையே கணக்கிற்கொள்வான். நன்றாக ஓடும் வண்டிக்குப் புதியதிற் பாதியைத் தொடக்கமாக வைத்து, உடனே செய்யவேண்டிய செலவைக் கழித்தல் நேர்மையான கணக்கென்பது எம் கருத்து. பாதி 2,625, டயரும் செயினும் ஃப்ரீவீலும் மாற்ற ஆயிரம் ரூபாய் ஆகுமென்று வைத்துக்கொண்டால், எஞ்சுவது 1,625. கேரியரும் பூட்டும் பம்பும் உடன் கொடுப்பின் சிறிது கூட்டலாம். நல்ல குழாயாலான விரைவு வண்டிக்கும் பழைய ஆங்கில வண்டிக்கும் இக்கணக்குப் பொருந்தாது. அவற்றை அறிந்து தேடுவோர் சென்னையிலும் புதுச்சேரியிலும் கிடைப்பர்.

மிதிவண்டிக்கு மோட்டார் வண்டியைப்போல் பதிவுப் புத்தகம் கிடையாது. முற்காலத்தில் நகரசபையார் ஆண்டுவரி பெற்றுக்கொண்டு தகட்டு வில்லை கொடுப்பர். அஃது உரிமைக்கு ஒருவாறு சான்றாக நின்றது. அவ்வழக்கம் ஒழிந்தபின் எஞ்சிய ஒரே அடையாளம், உடலிற் பொறித்த எண். சீட்டுக் குழாயின் மேற்புறத்திலோ அச்சுப் பெட்டியின் அடியிலோ அது காணப்படும். தனக்கு உரிமையில்லாத பொருளுக்கு ஒருவன் பிறனுக்கு உரிமை அளிக்கவியலாதென்பது, பொருள் விற்பனைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பொதுவாக வகுத்த விதி. எனவே, திருட்டு வண்டியை அறியாது வாங்கியவனும் உடையவன் வந்து கேட்டால் இழக்க நேரும். திருட்டுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு கருதக் காரணமிருந்தோ வாங்கியவன், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றவாளியுமாவான். இதற்கு ஒரு சிறு சீட்டுப் போதும்: "இன்ன ஊர் இன்னார் ஆகிய நான், இன்ன கம்பெனியின், இன்ன நிறமுள்ள, இன்ன எண் பொறித்த சைக்கிளை, இன்ன ஊர் இன்னாருக்கு, இத்தனை ரூபாய் பெற்றுக்கொண்டு இன்ன நாளில் விற்றேன். வண்டி எனக்கே உரியது. நான் அறிந்த குறைகள் இவை." இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்க. புதிதாய் வாங்கிய நாளின் ரசீது இருப்பின் அதனையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் 2001-02-இல் மாணவிகளுக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிவுபெற்ற அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால் வந்த வண்டிகளும் பல உள. முகப்பிலுள்ள அரசு இலச்சினையே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். பள்ளிக்குப் போகவென்று கொடுத்ததைப் பள்ளிப் படிப்பு முடியுமுன் விற்றல் தகாது. முடிந்தபின், வீட்டிலுள்ள தம்பி தங்கையர்க்கு அது வேண்டுமோவென்று முதலிற் பார்க்கவேண்டும்.

யாருக்கு விற்பது என்பதிலும் பழைய எண்ணமொன்றை விடவேண்டியிருக்கிறது. நடுவே பார்க்கம்பியுள்ள வண்டி ஆடவர்க்கே உரியதென்று பலர் கருதுவர். 1991-க்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றபோது, பெண்கள் வண்டி போதாமையால் ஆடவர் வண்டியையே எடுத்தோட்டினர். குழந்தையை முன்னே உட்காரவைக்க அந்தப் பார்க்கம்பி வசதியாக இருக்கிறதென்று அதனையே விரும்பியவரும் உண்டென்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஆகவே வாங்க வருபவர் ஆணா பெண்ணா என்பதைவிட உயரத்தை நோக்குக. கறுப்பு வண்டியில் 22 அங்குலம், 24 அங்குலம் என இரண்டு அளவு வழங்கும். பார்க்கம்பியின்மேல் கால்களை இருபுறமும் ஊன்றி நின்றால், உடலுக்கும் கம்பிக்கும் இடையே இரண்டு விரற்கடையேனும் இருத்தல் வேண்டும். குள்ளமான ஒருவருக்கு 24 அங்குல வண்டியை விற்பது அவரை நாள்தோறும் இறங்குந்தோறும் இடர்ப்படுத்துவதாகும்.

வாங்குபவர் திண்டிவனத்தவராகவும் வண்டி விழுப்புரத்திலும் இருப்பின், இக்குறுந்தொலைவுக்குப் பார்சல் போடுவதைவிட, காலை ரயிலில் அவர் வந்து வண்டியை மிதித்தே கொண்டுபோதல் சிறந்தது. புறப்படுமுன் பணம் முழுவதையும் பெறாமல், ஒரு பகுதியை அவர் ஊர் சேர்ந்தபின் பெறுவதாக ஒப்புக்கொள்ளலாம். முண்டியம்பாக்கம் வரை பத்துக் கிலோமீட்டர் போவதற்குள்ளாகவே தளர்ந்த காட்டர் பின் மிதிக்கும்போதெல்லாம் தட்டத் தொடங்கும். குண்டு தேய்ந்த அச்சு முனகும். கூட்டேரிப்பட்டில் இறங்கித் தேநீர் அருந்தும்போது சக்கர அச்சுகளை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுக. கை சுடுமாயின் உள்ளே கோன் இறுகியுள்ளது. அங்கேயே ஒரு சைக்கிள் கடையில் அரைத்திருகு தளர்த்திக்கொண்டு போகலாம். நெடுஞ்சாலையில் வலப்புறம் வரவேண்டாமென்றும், இடமுள்ள இடத்திலெல்லாம் அணுகுசாலையிலேயே செல்லுமாறும், வெயிலேறுமுன் புறப்படுமாறும் சொல்லி அனுப்புக. பூட்டின் இரண்டாவது சாவியையும் மறவாது கொடுத்துவிடுக.